திருத்திய ஐந்து எண்கள்

எங்கள் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்துக்குப் பேனா கொண்டுபோக மறந்தால் யாரும் திட்ட மாட்டார்கள். பென்சிலும் ரப்பரும் மறந்தால்தான் அன்றைய பொழுது வீண். ரீடிங்கை முதலில் பென்சிலில் எழுத வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்து, புத்தகத்தில் இருக்கும் ஸ்டாண்டர்ட் வேல்யூவுக்குப் பக்கத்தில் விடை வந்தால் அதன்மேல் பேனா ஓட்டலாம். வராவிட்டால் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எந்த ரீடிங் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, ரப்பரை எடுக்க வேண்டும். இதற்கு எங்கள் வகுப்பில் சமையல் என்று பெயர். விருதுநகர்ப் பக்கத்துக்காரர்கள் மட்டும்தான் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னலும் தன் காலத்தில் சமைத்துத் தேறியவர்தான்.

பெருமையாகச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம், நான் நன்றாகச் சமைப்பேன். அரைகுறைகள் எல்லா எண்களையும் அச்சடித்த மாதிரி வைத்து மாட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டைக் கொஞ்சம் கோணலாக விட்டுவைக்க வேண்டும், அதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. பிராக்டிகலில் நான் ஒருமுறைகூட முழு மதிப்பெண்ணுக்குக் கீழே இறங்கியதில்லை. அந்த மதிப்பெண் பட்டியலைக் காட்டித்தான் ஜெர்மனியில் முதுகலை இயற்பியலுக்கு இடமும் வாங்கினேன்.

பல்கலைக்கழகத்தின் கார்ஹிங் வளாகத்தில் ஆய்வகப் பயிற்சியின் முதல் நாள், பயிற்சிக்குப் பொறுப்பான அம்மையார் எங்களை உட்காரவைத்து விதிகளை வாசித்தார். நரைத்த கிராப்பு, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். அளவீடுகளைப் பேனாவில் மட்டுமே எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. அடியில் இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு மட்டும் போட வேண்டும். நாள் முடிவில் அந்தப் பக்கத்தில் மேற்பார்வையாளர் கையெழுத்திடுவார். இருவர் சேர்ந்து ஒரே அறிக்கை எழுத வேண்டும், இருவர் பெயரும் அதில் இருக்கும். அதில் ஏமாற்று வேலை தெரிந்தால் இருவருக்குமே மொத்தப் பயிற்சியும் தோல்வி, அடுத்த ஆண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் தலையாட்டிக்கொண்டே, இந்த ஊரில் ரப்பர் விற்பவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சோடியாக வந்தவர் ஜெர்மனியிலேயே, வுப்பர்டால் என்னும் ஊரில் வளர்ந்த ஈழத்துப் பெண். முப்பதைத் தொட்டிருந்தார், அதனால் அக்கா என்றே கூப்பிட்டேன். பள்ளி முடித்ததும் நேரே பல்கலைக்கழகத்துக்கு வராமல், ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் அளவீடு செய்யும் வேலைக்குப் பயிற்சி எடுத்து, அங்கேயே சில வருடம் வேலையும் பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். அவர் என்னை ‘நீர்’ என்பார். பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் புலவர்கள் மன்னர்களைப் பார்த்துச் சொல்லும் ‘நீர்’. முதல் வாரம் முழுக்க எனக்கு ஏதோ பரிசில் கிடைக்கப்போகிற மாதிரியே இருந்தது.

அக்காவுக்கு அந்தப் பயிற்சிச் சான்றிதழ் உடனே தேவைப்பட்டது. இலையுதிர்காலத்தில் ஆய்வேடு தொடங்க அவர் வெகுவாக விரும்பிய ஒரு குழுவில் இடம் கிடைத்திருந்தது. சான்றிதழைக் காட்டாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எனக்கு இன்னும் ஓராண்டு மிச்சம் இருந்தது. பயிற்சியில் எங்களுக்கு இன்னும் இரண்டே இரண்டு சோதனைகள்தான் பாக்கி. அதில் ஒன்றுதான் மியூவான்.

வானத்திலிருந்து மியூவான் என்னும் துகள்கள் ஓயாமல் பொழிந்துகொண்டிருக்கின்றன. நம் தலைமீதும்தான், ஆனால் நமக்கு ஒன்றும் தெரியாது. அவற்றில் சில ஆய்வகத்தின் மூலையில் இருந்த பீப்பாய் மாதிரியான கருவிக்குள் வந்து நின்றுவிடும். நிற்கும்போது ஒரு சின்ன ஒளி. சிதைந்து மறையும்போது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று ஆயிரக்கணக்கான துகள்களுக்கு அளந்தால், மியூவானின் சராசரி ஆயுள் கிடைக்கும். புத்தகத்தில் இருக்கும் விடை 2.20 மைக்ரோ வினாடி. ஒரு வினாடியைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டால் அதில் இரண்டேகால் கூறுகூடத் தேறாத வாழ்வு, பாவம்.

வியாழக்கிழமை கருவியை ஓடவிட்டோம், திங்கட்கிழமை வந்து வாசித்தோம். நான் திரையைப் பார்த்து எண்களைச் சொல்ல, அக்கா ஆய்வுக் குறிப்பேட்டில் பேனாவால் எழுதினார். நான் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் அவர் திருப்பிச் சொல்லி, நான் ‘ஆமா’ என்ற பிறகே எழுதுவார். மேற்பார்வையாளர் வந்து கையெழுத்துப் போட்டார். அவர் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஓர் இளைஞர், வெயிற்காலம் பனிக்காலம் எல்லாவற்றிலும் ஒரே செருப்பு. அறிக்கையைப் பங்கு போட்டுக்கொண்டோம். கோட்பாட்டுப் பகுதியும் பின்னிணைப்பும் அக்காவுக்கு, கணக்கும் முடிவும் எனக்கு.

கணக்குப் போட்டேன். 2.11 வந்தது.

நிரலைச் சரிபார்த்தேன், மறுபடி போட்டேன். மறுபடியும் 2.11. ஊரில் எந்த எக்ஸ்டர்னலும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். ஆனால் முழு மதிப்பெண்ணே வாங்கிப் பழகியவளுக்கு அந்த 2.11 கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அறிக்கையை அனுப்ப வேண்டும். பதினோரு மணிக்கு, தட்டச்சு செய்த அட்டவணையில் முதல் இரண்டு எண்களைக் கொஞ்சம் குறைத்தேன், கடைசியில் மூன்று எண்களைக் கொஞ்சம் கூட்டினேன். 2.19 வந்தது. அச்சு அசலாக 2.20 வராதபடி பார்த்துக்கொண்டதை நினைத்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். பதினொன்றரைக்கு அக்காவுக்கு அனுப்பிவைத்தேன். அவர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏற்றிவிட்டு, எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார்.

அந்தப் பிரதியைச் சாப்பிட்டுக்கொண்டே திறந்தேன். கடைசிப் பக்கத்துக்குப் போனதும் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். பின்னிணைப்பு என்றால் ஏதோ படங்கள் என்று நினைத்திருந்தேன். அக்கா விதிப்படி குறிப்பேட்டின் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்து சேர்த்திருந்தார். மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு, நாங்கள் வாசித்த உண்மையான எண்கள் எல்லாம் அக்காவின் குண்டுக் கையெழுத்தில். ஏழாம் பக்கத்தில் என் அட்டவணை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பள்ளிப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

அன்று மாலையே மேற்பார்வையாளரிடமிருந்து எங்கள் இருவருக்கும் மின்னஞ்சல் வந்தது. ஏழாம் பக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும், திங்கட்கிழமை பத்து மணிக்கு இருவரும் வர முடியுமா என்று இரண்டே வரி. ஐந்து நிமிடத்தில் அக்காவின் அழைப்பு.

“டெர்மீன் ஒண்டு தந்திருக்கிறார், பாத்தனீரே? ஏழாம் பக்கம் உம்மட பக்கம் எல்லே. என்ன பிழை கிடக்கு?” சந்திப்புக்கு நேரம் குறிப்பதை அவர் ஜெர்மன்காரர்கள்போல டெர்மீன் என்றுதான் சொல்வார்.

“நாளைக்கு நேர்ல சொல்றேன் அக்கா,” என்றேன். போனில் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை யூ-பான் என்னும் சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ரொட்டிக் கடையில் உட்கார்ந்தோம். அக்கா காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சுற்றி வளைத்தால் சொல்லவே மாட்டேன் என்று தெரியும், அதனால் எடுத்ததுமே சொன்னேன்.

“அக்கா, டேபிள்ல அஞ்சு நம்பரை நான் மாத்திட்டேன்.”

“பிழையாத் தட்டிப்போட்டீரோ?”

“இல்ல. தெரிஞ்சுதான். ஸ்டாண்டர்ட் வேல்யூ வரல, அதான் அட்ஜஸ்ட் பண்ணேன்.”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “நாங்கள் அளந்ததையோ?”

“எங்க காலேஜ்ல எல்லாரும் இப்படித்தான் அக்கா…” என்று தொடங்கினேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறது என்று என் காதிலேயே விழுந்தது.

“நான் மூண்டரை வருஷம் அவுஸ்பில்டுங் செய்தது அளக்கப் பழகத்தான்,” என்றார் அக்கா. தொழிற்சாலையில் எடுத்த பயிற்சியைத்தான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “பிறகும் அளந்துதான் சம்பளம் எடுத்தனான். வரேல்லை எண்டால் வரேல்லை எண்டு எழுதுவம். அதுக்கு அங்க ஒருத்தரும் ஏசமாட்டினம். இப்ப அந்தத் தாளில முதலாவதா என்ர பேர் கிடக்கு.”

“நான் மட்டும்தான் பண்ணேன்னு சொல்லிடறேன் அக்கா.”

“ரெண்டு பேருக்கும் ஒரே தாள். நீர் தனியச் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன.” எழுந்து கோட்டை மாட்டினார். “என்ர இடம் போகப்போகுது,” என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் படிப்பு போனால் போகட்டும் என்றுகூட ஒரு கட்டத்தில் தோன்றியது. ஆனால் அக்காவின் இடத்தை அப்படிப் போகட்டும் என்று விட முடியவில்லை. எனக்கு என்மேலேயே கோபம், எங்கள் ஊர் ஆய்வகத்தின்மேல் கோபம், ஏன், அந்த 2.11-ன் மேலும் கோபம். ஒழுங்காக வந்து தொலைந்திருந்தால் இந்தப் பாடு உண்டா?

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே அக்கா மேற்பார்வையாளரின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வணக்கம் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார்.

“நான் ஒண்டும் கதைக்கமாட்டன்,” என்றார். “உம்மட பக்கம். நீர் என்ன சொல்லுறீரோ சொல்லும்.”

உள்ளே போனோம். மேற்பார்வையாளர் சிரித்த முகமாக எங்களை உட்காரச் சொன்னார். மேசையில் எங்கள் அறிக்கை, ஏழாம் பக்கம் மேலாக இருந்தது. அட்டவணைக்குக் கீழே இருந்த வரைபடத்தை நோக்கிப் பேனாவை நீட்டினார். கிடை அச்சில் நேரம் என்று இருக்கிறது, எந்த அலகில் என்று இல்லை. அச்சில் அலகு இல்லாத அறிக்கையை அவர் திருத்துவதில்லை, அது அவருடைய கொள்கை. மைக்ரோ வினாடி என்று சேர்த்து மறுபடி ஏற்றிவிடுங்கள், இந்த வாரமே மதிப்பெண் போட்டுவிடுகிறேன் என்றார்.

அவ்வளவுதான். அச்சில் அலகு இல்லை.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் பின்னிணைப்பைத் திறக்கவே இல்லை. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்தால் போதும். அறைக்குப் போய் அலகைச் சேர்க்கிற சாக்கில் அட்டவணையையும் சத்தமில்லாமல் சரிசெய்து ஏற்றிவிடலாம், ஒரு குருவிக்கும் தெரியாது. அக்காவின் சான்றிதழும் இந்த வாரமே வந்துவிடும். நன்றி என்னும் வார்த்தை உதடுவரை வந்துவிட்டது. அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. ஏழாம் பக்கத்தின் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ தெரியாத ஆளின் எண்களைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அதைப் பார்த்த பிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

“இன்னொரு தப்பும் இருக்கிறது,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “இந்த அட்டவணையில் ஐந்து எண்கள் நாங்கள் அளந்தவை அல்ல. நான் மாற்றினேன். இவருக்குச் சனிக்கிழமைவரை தெரியாது.”

அவர் சிரிப்பு நின்றது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ஏழாம் பக்கத்தையும் அதையும் பக்கத்தில் வைத்து வரிசை வரிசையாகப் பேனாவால் தொட்டுக்கொண்டே வந்தார். ஐந்து இடத்தில் பேனா நின்றது. அந்த அறையில் இருந்த கணினியின் இரைச்சல் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

“உண்மையில் எவ்வளவு வந்தது?” என்று கேட்டார்.

“2.11.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “இந்தப் பீப்பாயில் அவ்வளவுதான் வரும்,” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் அறிக்கையை எடுத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பிவைத்தார். அக்கா எழுதிய கோட்பாட்டுப் பகுதி. மியூவான்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையைக் கருவிக்குள் இருக்கும் அணுக்களின் கருக்கள் பிடித்து விழுங்கிவிடும், அவை தங்கள் ஆயுள் முடியும் முன்பே போய்விடும். அதனால் பொருளுக்குள் அளந்தால் சராசரி கொஞ்சம் குறைவாகத்தான் வரும், புத்தகத்தில் இருப்பது வெற்றிடத்துக்கான விடை. இதெல்லாம் பத்து வரியில் தெளிவாக எழுதியிருந்தது. என்னுடைய பெயரும் போட்ட அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை நான் படிக்கவே இல்லை. சரியான விடை கையில் வந்து விழுந்திருந்தது, அதைப் பிடித்துத் தப்பாக்கியிருக்கிறேன்.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தார். ஜெர்மனில் நிதானமாகச் சொன்னது எனக்கும் விளங்கியது. “நானும் இவருடைய ஏழாம் பக்கத்தைப் படிக்கவில்லை. படித்திருந்தால் 2.19-ஐப் பார்த்ததுமே கேட்டிருப்பேன். அது என் தவறு.” தன் இடம் போகும் என்று தெரிந்தும் அதைச் சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்கப்போவதில்லை.

மேற்பார்வையாளர் அறிக்கையை எடுத்துக்கொண்டு, பொறுப்பாளர் அம்மையாரிடம் பேச வேண்டும் என்று போய்விட்டார். நாங்கள் நடைபாதையில் காத்திருந்தோம். சுவரில் யாரோ மாணவர்களின் சுவரொட்டிகள் ஒட்டியிருந்தன. அக்கா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார், அல்லது படிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். “இப்ப வேண்டாம்” என்றார்.

அம்மையாரே வெளியே வந்தார். முதல் நாள் விதி வாசித்த அதே குரலில் இப்போதும் பேசினார். அறிக்கையை இன்னும் திருத்தத் தொடங்கவில்லை. தொடங்கும் முன்பே எழுதியவர்கள் தாங்களாகவே வந்து சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருதலாம், விதியில் அதற்கு இடம் இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் அளந்த எண்களோடு புதிய அறிக்கை வேண்டும். வெள்ளிக்கிழமை இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து முழு அறிக்கையிலும் கேள்வி கேட்பார். என்னைப் பற்றி ஒரு குறிப்பு கோப்பில் இருக்கும், இன்னொரு முறை இப்படி நடந்தால் பேச்சே இல்லை. பிறகு அக்காவைப் பார்த்து, “உங்களுக்குக் குறிப்பு எதுவும் இல்லை,” என்றார்.

“என்ர சான்றிதழ்…” என்று அக்கா பதற்றத்தில் தமிழில் தொடங்கி, பிறகு சுதாரித்துக்கொண்டு ஜெர்மனுக்கு மாறினார். கடைசிச் சோதனையையும் நேரத்துக்கு முடித்தால் சான்றிதழ் நேரத்துக்கு வரும் என்று அம்மையார் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். அப்படியொரு நிம்மதியை நான் எந்த முழு மதிப்பெண்ணிலும் கண்டதில்லை. இரண்டு மாணவர்கள் என்னைத் தாண்டிப் போகும்போது பார்க்காத மாதிரி போனார்கள். அந்த நாகரிகத்துக்காகவும் அந்த நாட்டை வாழ்த்தினேன்.

அக்கா பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். “எழும்பும். நிலம் குளிர்,” என்றார்.

வியாழக்கிழமைக்குள் புதிய அறிக்கையை எழுதினோம். 2.11, பிழை எல்லை, ஏன் குறைவு என்ற விளக்கம், அச்சில் அலகு எல்லாம் இருந்தன. வெள்ளிக்கிழமை அம்மையார் என்னை முக்கால் மணி நேரம் துருவினார். மூன்றாம் பக்கத்திலிருந்துதான் அதிகம் கேட்டார், நான் அதை ஏறக்குறைய மனப்பாடம் செய்திருந்தேன். அக்காவைப் பத்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். இருவருக்கும் தேர்ச்சி.

கடைசிச் சோதனைக்குச் சோடியை மாற்றிக்கொள்ளலாம், பெயர்களை இணையத்தில் பதிய வேண்டும். அக்கா மாற்றிக்கொள்வார் என்றே நினைத்தேன். என்னைக் கேட்டிருந்தால் நானே மாற்றிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. பழையபடியே இருவர் பெயரையும் பதிந்துவிட்டு ஒரு செய்தி அனுப்பினார்: ‘புதன் ஒன்பது மணி. பிந்தாமல் வாரும்.’

புதன்கிழமை குறிப்பேட்டை என் பக்கம் தள்ளினார். “இந்தமுறை நீர் எழுதும், நான் வாசிக்கிறன். கடைசியில எல்லாத்தையும் நான் ஒருக்காப் பாப்பன். கோவிக்கக் கூடாது.”

“பாருங்க அக்கா. உங்க தியரியையும் நான் படிப்பேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“படிச்சுத்தான் ஆகோணும்,” என்றார். அந்த ரொட்டிக் கடைச் சனிக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

மாலையில் கருவியை நிறுத்திய பிறகு, நான் எழுதிய பக்கத்தைத் திரையோடு வைத்து மேலிருந்து கீழாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். என்னைச் சரிபார்ப்பதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது அவமானமாக இருக்கும் என்று பயந்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரிசையாக அவர் விரல் தாண்டத் தாண்ட எனக்கு மூச்சு இலேசானது. ஓர் இடத்தில் நிறுத்தி, நான் எழுதியிருந்தது ஒன்றா ஏழா என்று கேட்டார். ஏழு என்றேன். திரையைப் பார்த்தார், ஏழுதான். கடைசி வரிசையை முடித்ததும் என் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.